சோலார் யாருக்கு லாபம்? ஒரு கணக்கீட்டாளரின் கணக்கு

"சார், நம்ம வீட்டுக்கு சோலார் போடலாமா?" என்று யார் வந்து கேட்டாலும் நான் மொட்டை மாடியைப் பற்றி முதலில் விசாரிப்பதில்லை. "மீட்டர் கார்டு இருக்கா? கடைசி ஆறு கணக்கும் வேணும்" என்றுதான் கேட்பேன். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மன்னார்குடியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு வீட்டுக்கு சோலார் கட்டுப்படியாகுமா என்பதை அந்த வீட்டு அட்டையே பாதி சொல்லிவிடும். வெயில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பொதுதான். பில் அப்படியில்லை.

பில் எப்படிக் கூடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் சோலார் விலையைப் பேசிப் பயனில்லை. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றுவிடுகிற வீடு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசும், 400 வரை 4 ரூபாய் 70 காசும், 500 வரை 6 ரூபாய் 30 காசும் கொடுக்கிறது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.70 விழும். பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. இதனால் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,805 ரூபாய் பில் வந்தால், 1,000 யூனிட் எரித்த வீட்டுக்கு 6,870 ரூபாய் வருகிறது. கரண்ட் இரண்டு மடங்கு, காசு ஏறக்குறைய நாலு மடங்கு.

மாடியில் பேனல் போட்டால் அது தயாரிக்கும் யூனிட் இந்தப் படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் கழியும். 11.55 ரூபாய் யூனிட் முதலில் போகும், பிறகு 10.50, பிறகு 9.45 என்று இறங்கிவரும். கீழே கிடக்கிற 2.35 ரூபாய் யூனிட் கடைசியாகத்தான் கழியும். முதல் 100 யூனிட்டோ ஏற்கெனவே இலவசம். அதைக் கழிக்கப் பேனலுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை. ஆகவே சோலாரின் லாபம் என்பது உங்கள் பேனல் எத்தனை யூனிட் தருகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அது எந்த விலை யூனிட்டைக் கழிக்கிறது என்பதையும் பொறுத்தது. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் என்றால் 700 சொச்சம். நிழல் விழாத இடம் ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். இப்போது வருகிற பேனல் ஒன்றே 540 வாட் அளவில் இருப்பதால் 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் போதும்.

விலைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒரு கிலோவாட் மட்டும் பூட்டி முடிக்க 70,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்வதில்லை. 3 கிலோவாட்டுக்கு 1,80,000-லிருந்து 2,20,000 வரை கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த 'பிரதமரின் சூர்ய கர்' திட்டத்தில் மானியம் உண்டு: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதோடு சரி. நாலு கிலோவாட் போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். இந்த மானியம் கிடைக்க, பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அந்த வகைப் பேனல் சற்று விலை கூடுதல். "மானியம் வேண்டாம், வெளிநாட்டு செல் போட்டுத் தருகிறேன், மலிவு" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு அளவுக்குப் பெரும்பாலும் மானியம்தான் ஜெயிக்கும்.

இனி நான் பார்த்துக் கொடுத்த சில வீடுகளின் கணக்கு. பில் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வராது என்பதால் ஆறு பில்லையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் தையல் தைக்கிற அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். பில் 705 ரூபாய், வருஷத்துக்கு 4,230. ஒரு கிலோவாட் போட்டால் பில் முழுக்க மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் 72,000 செலவில் 30,000 மானியம் போக, கையிலிருந்து 42,000 போக வேண்டும். அதை எடுக்கப் பத்து வருஷம். அதே 42,000-ஐ ஏழு சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் வருஷத்துக்கு 2,900 ரூபாய்க்கு மேல் வட்டி வரும். முதலும் பத்திரமாக இருக்கும். "அக்கா, உங்களுக்கு வேண்டாம். அந்தக் காசில் மோட்டார் வச்ச தையல் மிஷின் வாங்குங்க, வருமானமாவது கூடும்" என்றேன். அவர் முகம் சற்று வாடியது. பக்கத்து வீட்டு மாடியில் பளபளவென்று பேனல் நிற்கும்போது வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது கஷ்டம்தான். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் முடிக்கிற எந்த வீட்டுக்கும் என் பதில் இதுவே. 200 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் அதிகபட்சம் கட்டுவதே 235 ரூபாய். அவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.

500 யூனிட் வீடு நடுவில் நிற்பது. வருஷத்துக்கு 10,830 ரூபாய் பில். 2 கிலோவாட் போட்டால் மானியம் போகக் கைக்காசு சுமார் 80,000. ஏழரை வருஷத்தில் வசூலாகும். கையில் பணம் சும்மா இருந்தால் போடலாம். கடன் வாங்கிப் போட வேண்டாம். வீட்டில் ஒரு ஏசி வரப்போகிறது, பையனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்றால் கணக்கு மாறும். 500-ஐத் தாண்டிய நிமிஷத்தில் சோலாரின் மதிப்பு ஏறிவிடும்.

என் வீடு மூன்றாவது ரகம். மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், பகலெல்லாம் ஒரு ஏசி. அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல், ராத்திரி இன்னொன்று. 800 யூனிட், பில் 4,770. வருஷத்துக்கு 28,620 ரூபாய். 3 கிலோவாட்டின் விலை 2,00,000, மானியம் போக 1,22,000. நாலேகால் வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். மீதி 100 யூனிட் இலவசக் கணக்கில் போய்விடுவதால் பில் இல்லை. இந்தத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கொடுக்கிறார்கள்; ரெப்போ வட்டிக்கு மேல் அரை சதவீதம் என்பது விதி, திட்டம் தொடங்கியபோது ஏழு சதவீதம் சுமாருக்கு வந்தது. 1,22,000-ஐ அந்த வட்டியில் ஐந்து வருஷத் தவணையாக்கினால் மாதம் 2,400 ரூபாய். மாதத்துக்கு மிச்சமாகும் பில் 2,385. கரண்ட் பில்லுக்குக் கட்டிய காசை வங்கிக்குக் கட்டுகிறீர்கள், ஐந்து வருஷத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. 800 யூனிட்டுக்கு மேல் எரிக்கிற வீடு இன்னும் சோலார் போடாமல் இருந்தால் மாசாமாசம் காசை விட்டுக்கொண்டிருக்கிறது என்றே சொல்வேன்.

நாலாவது, எதிர்வீட்டு அரிசி வியாபாரி. 1,100 யூனிட், 8,025 ரூபாய் பில். அவரிடம் வந்தவர் 5 கிலோவாட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தார். "பில் ஜீரோ ஆயிடும் சார்" என்பது அவர் வாக்குறுதி. அது பொய்யல்ல. ஆனால் 3 கிலோவாட் போட்டாலே அவர் பில் 400 யூனிட்டுக்கு இறங்கி 1,175 ரூபாய் ஆகிவிடும். 6,850 ரூபாய் அங்கேயே மிச்சம். மூன்று வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மீதி இருக்கும் 1,175-ஐயும் ஒழிக்க இன்னும் 2 கிலோவாட், இன்னும் ஒரு லட்சம், அதற்கு மானியம் காலணா கிடையாது. வருஷத்துக்கு 7,050 ரூபாய் மிச்சப்படுத்த ஒரு லட்சம் என்றால் பதினாலு வருஷத்துக்கு மேல். அவர் வியாபாரி, பேப்பரில் போட்டுக் காட்டியதும் "மூணே போதும்ணே" என்று சொல்லிவிட்டார். பில்லை ஜீரோ ஆக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் சோலாரில் பாதிச் செலவு குறையும். உச்சிப் படியில் உள்ள யூனிட்டை வெட்டுங்கள், கீழ்ப்படி யூனிட் மலிவு, அதை வாரியத்திடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை கணக்கும் நெட் மீட்டரை நம்பித்தான் நிற்கிறது. பகலில் பேனல் தருவதில் வீட்டுக்கு வேண்டியது போக மிச்சம் கம்பி வழியே வெளியே போகிறது. ராத்திரி நமக்கு வேண்டியது அதே கம்பி வழியே உள்ளே வருகிறது. இரண்டையும் தனித்தனியாக எண்ணுவது நெட் மீட்டர். உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பில். ஒரு கணக்கில் அதிகமாக வெளியே போயிருந்தால் அடுத்த கணக்குக்கு வரவு வைப்பார்கள். மீட்டர் திரையில் இந்த எண்ணிக்கைகள் மாறி மாறி ஓடும். 'இம்போர்ட்' எது, 'எக்ஸ்போர்ட்' எது என்று பூட்ட வருகிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, மாதம் ஒருநாள் காலையில் நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரீடிங் எடுக்கும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரே நாளில் எத்தனையோ வீட்டு மீட்டரைப் பார்க்கிறவருக்கு எண் தவறுவது சகஜம். உங்கள் நோட்டு இருந்தால் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடியும்.

நெட் மீட்டரோடு சேர்ந்து வரும் ஒரு விஷயத்தைப் பலர் பேனல் பூட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். கரண்ட் போனால் சோலாரும் போகும். உச்சிவெயில் அடித்துக்கொண்டிருக்கும், மாடியில் இரண்டு லட்ச ரூபாய் பேனல் இருக்கும், கீழே ஃபேன் நின்றுவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கோளாறல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த அடுத்த கணமே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடியில் பிறந்த கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். ஷட்டவுன் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மனுஷன் அதைத் தொடுவான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் நின்ற கம்பங்களை எண்ணுவதே சுலபமாக இருந்தது. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து, சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். பள்ளிக்கூடத் தரையில் படுத்தார்கள். என்னோடு வேலை பார்த்த லைன்மேன்கள் அவர்கள் வீட்டுக் கூரை போனதைக்கூடப் பார்க்கப் போகாமல் கம்பத்தில் நின்றார்கள். அன்று ஒரு வீட்டு மாடியிலிருந்து லைனுக்குக் கரண்ட் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஆகவே, "அந்த ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டுக் கொடுங்க, கரண்ட் கட்டிலும் ஓடட்டும்" என்று யாரும் தயவுசெய்து கேட்காதீர்கள். செய்து தருகிறேன் என்று சொல்கிற எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கரண்ட் கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் ஏற்பாடு இருக்கிறது. அது லைனைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் ஓடும். ஆனால் பேட்டரியின் விலையைக் கூட்டிப் பாருங்கள். 150 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று 15,000 ரூபாய். சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் அதிலிருந்து நாளைக்கு ஒரு யூனிட் சுமார்தான் எடுக்கலாம். நாலைந்து வருஷம் உழைத்தால் 1,500 யூனிட். ஆக ஒரு யூனிட்டைப் பகலிலிருந்து ராத்திரிக்குக் கொண்டுபோக மட்டும் 10 ரூபாய். லித்தியம் பேட்டரி பத்து வருஷம் வரும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் கையிலிருந்து முதலில் போகும் தொகை பெரிது. நெட் மீட்டர் அதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. தண்ணீர் மோட்டார், ஏசி எல்லாம் கரண்ட் கட்டில் ஓட வேண்டுமா என்று யோசியுங்கள். நாலு லைட்டும் இரண்டு ஃபேனும் போதும் என்றால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதா இன்வெர்ட்டர் அதற்குப் போதும். ரீடிங் எடுக்கப் போன கிராமங்களில் எத்தனையோ கூரைகளில் பார்த்திருக்கிறேன்: பேனல் நன்றாகவே இருக்கும், கீழே பேட்டரி செத்துக் கிடக்கும், மாற்றக் காசிருக்காது. பேனலில் ஈரத்துணி காயும்.

கொட்டேஷனில் மலிவாகக் காட்டக் கை வைக்கிற இடங்கள் பேனலும் இன்வெர்ட்டரும் அல்ல; கம்பி, இரும்பு, எர்த். என் வீட்டுக்கு வேலைக்கு வந்த ஆட்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எர்த்திலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று குழி தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இடிதாங்கியின் கம்பி எந்த வளைவும் இல்லாமல் நேராகக் கீழே இறங்கித் தன் குழிக்குப் போக வேண்டும். கோடை இடி எங்கள் பக்கத்தில் எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்கள் இதில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள். கொல்லையில் எலுமிச்சை மரத்துக்கு இந்தப் பக்கம் குழி தோண்டி, செம்பு பூசிய கம்பியை இறக்கி, சுற்றிலும் மண்ணில் கலவை போட்டுத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து அளந்து காட்டிய பிறகே மூடச் சொன்னேன். அரைநாள் வேலை, கூடுதலாகக் கேட்டதும் சில ஆயிரம்தான்.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமும் அப்படித்தான். நன்றாகத் துத்தநாகம் முக்கிய ஜி.ஐ. ஆக இருக்க வேண்டும். கஜா பார்த்த ஊரில் 150 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் என்று எழுத்தில் வாங்காமல் பூட்டக் கூடாது. கீழே துணி காயப்போட, வற்றல் பிழிய இடம் வேண்டும் என்று ஏழெட்டு அடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் செலவு கூடும், காற்றும் அதிகம் வாங்கும். தளத்தில் நேராகத் துளை போடுவதைவிடக் கான்கிரீட் கட்டை போட்டு அதில் போல்ட் இறக்குவது நல்லது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் கூடத்தில் ஒழுகும்.

நிழல் விஷயத்தில் எங்கள் டெல்டாக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தென்னை இல்லாத வீடு ஏது? வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க மின்சாரம் குறையலாம். அளவெடுக்க வருகிறவர் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து "நிழலே இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். சித்திரையில் எங்கள் ஊர் உச்சிவெயிலில் எதற்குமே நிழல் இருக்காது. சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்து போகும். சித்திரையில் காலடியில் கிடந்த தென்னை நிழல் மார்கழியில் மாடிக்கு ஏறிவிடும். வீட்டுக்குத் தெற்கே மரமோ உயரமான கட்டடமோ இருந்தால் மார்கழி மாதத்தில் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் மாடியில் போய் நின்று பாருங்கள். மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன். பேனலை வடக்கே தள்ளிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பேனலின் முகம் மட்டும் தெற்கு பார்த்து, லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும்; 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. அக்னி நட்சத்திரத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும். நல்ல விளைச்சல் மாசி, பங்குனியில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுக்க ஒரு யூனிட் வந்தால் பெரிது. ஆகவே ஒரு மாதத்தை வைத்துச் சந்தோஷமும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பராமரிப்புச் செலவு பெரிதல்ல, ஆனால் இல்லாமலும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூசியைக் கழுவ வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி வரும்போது இன்னும் அடிக்கடி. விடியற்காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காயவிடாதீர்கள், வெள்ளைப் படலம் படிந்துவிடும். காக்கை எச்சத்தை உடனே துடையுங்கள். அது மூடிய இடம் மட்டும் சூடேறிக் காலப்போக்கில் அந்த செல் கெட்டுப்போகும். ஆள் வைத்தால் ஒரு தடவைக்கு 200, 300 ரூபாய் கேட்கிறார்கள். முடிந்தவர்கள் நீளக் குச்சியில் ஸ்பாஞ்சு கட்டித் தாங்களே துடைக்கலாம், ஈர மாடியில் கால் வழுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் என்கிறார்கள். அது மின் உற்பத்திக்கான உத்தரவாதம். வருஷத்துக்கு அரை சதவீதம் அளவில் குறைந்துகொண்டே வரும் என்பதும் அதில் அடக்கம். இன்வெர்ட்டர் அத்தனை நாள் வராது. எட்டு முதல் பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும், 3 கிலோவாட்டுக்கு 30,000-லிருந்து 40,000 ஆகும். மிச்சமாகும் பில் பணத்திலிருந்து மாதம் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் அந்த நாளில் கைபிசைய வேண்டியிருக்காது. இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. சோலார் வந்ததும் "நம்ம கரண்ட்தானே" என்று ஏசி பகலெல்லாம் ஓடும், வாட்டர் ஹீட்டர் வரும். ஆறு மாதத்தில் பில் பழையபடி நிற்கும். என் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. நோட்டைக் காட்டித்தான் நிறுத்தினேன்.

விண்ணப்பம் போடும் முன் மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் காலமாகிப்போன தாத்தா பேரிலோ அப்பா பேரிலோதான் அட்டை இருக்கும். பில் கட்டும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். மானியத்துக்குப் போனால் இணைப்புதாரர் பேரும் விண்ணப்பிக்கிறவர் பேரும் ஒத்துப்போக வேண்டும். வாரிசு சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று பெயர் மாற்றத்துக்கு அலைய வேண்டிவரும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் சோலார் இந்த இடத்திலேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். இதை முதலில் முடியுங்கள், பிறகு பேனல் பார்க்கலாம். திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அங்கே பதிவு செய்துள்ள நிறுவனங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு இல்லாதவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் மானியம் வராது.

விலை பேசும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சோலார் சாமான்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பூட்டும் வேலையோடு சேர்த்து வாங்கினால் மொத்தத் தொகையில் விழும் வரி முன்பு 13.8 சதவீதம், இப்போது 8.9. பழைய வரியில் போட்ட கொட்டேஷனை இன்னும் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நெட் மீட்டர் செலவு, எர்த் குழி, இடிதாங்கி, ஐந்து வருஷப் பராமரிப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள்ளா என்று ஒவ்வொன்றாக எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

மானியம் விற்பவர் கைக்குப் போவதில்லை. மீட்டர் பூட்டி, ஆய்வு முடிந்து, விவரம் ஏறிய பிறகு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தை நாங்க பார்த்துக்கறோம், நீங்க முழுப்பணமும் முன்னாடியே கட்டிடுங்க" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். பணத்தைத் தவணையாகப் பேசுங்கள். நெட் மீட்டர் பூட்டி, இரண்டு எண்ணிக்கையும் ஓடுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.